மூன்றாம் மாடி விஸ்வால்திஸுக்கு, சாவியோடு

சாவியை இரண்டு முறை திருப்பவேண்டும்,
கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி.
லியபாயாவின் கடற்காற்றில் மரம் ஊதிவிட்டது.

உள்ளே வந்ததும் பூவாளியைத் தேடாதீர்கள்.
முதலில் விரல்.
சுட்டுவிரலை இரண்டாம் கணுவரை மண்ணில் இறக்குங்கள்.
நுனியில் ஈரம் ஒட்டினால்
ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போங்கள்.
அதுதான் உங்களுக்குக் கஷ்டம், தெரியும்.
போன தடவை என் கள்ளிச்செடியை
நாளுக்கொரு டம்ளர் ஊற்றி அழுகவைத்தீர்கள்.
"ஏக்கமாய்ப் பார்த்தது" என்றீர்கள்.
கள்ளி யாரையும் பார்ப்பதில்லை, விஸ்வால்திஸ்.

பால்கனியில் தக்காளி ஏழு.
கப்பல் சமையலறைக்கு ஹெர்ரிங் மீன் வந்த வாளிகள்;
மூன்று முறை கழுவியும் வெயிலேறினால் மணக்கும்.
அடியில் ஆறு ஓட்டை,
பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நானே போட்டவை.
அடைத்துக்கொண்டால் குச்சியால் குத்திவிடுங்கள்.
தண்ணீர் காலையில். வேரோரம். மெதுவாக.
இலையை நனைத்தால் கருகல் வரும்.
நான்கு நாள் காயப்போட்டு ஐந்தாம் நாள் வெள்ளம் விட்டால்
காயின் அடி கறுத்துப்போகும்.
முட்டையோடு பொடித்துப் போடச் சொல்வாள்
முதல் மாடி ஸ்கைத்ரீத்தே.
போடட்டும், கெடுதல் இல்லை.
அது கரைவதற்குள் கோடை முடிந்துவிடும், அவ்வளவுதான்.

இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்தில்,
ஒரு கொழுந்து கிளம்பும்.
செடியிலேயே அதுதான் அழகாக இருக்கும்.
கிள்ளுங்கள்.
ஒரு வாரம் மறந்து அது சாண் உயரம் ஆகிவிட்டதா,
எறியாதீர்கள், கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வையுங்கள்.
பத்து நாளில் வேர்விடும்.
உங்கள் ஜன்னலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.
தண்டைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நடலாம்,
தக்காளி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

இனி, சிரிக்காமல் படியுங்கள்.
பால்கனி கண்ணாடி அடைத்தது.
காற்றும் இல்லை, தேனீயும் இல்லை.
குளியலறையில் நீல நிற மின்சாரப் பல்துலக்கி இருக்கும்,
ஒயார்ஸ் விட்டுப் போனது. சார்ஜ் போட்டிருக்கிறேன்.
பூவில் படாமல், பூவின் காம்புக்குப் பின்னால்
இரண்டு விநாடி வையுங்கள்.
மஞ்சளாய்த் தூள் உதிரும்.
மத்தியானம் நல்ல நேரம், மழை ஈரம் இல்லாத நாள்.
பதினோரு வருடம்
காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பிய சத்தம்.
இப்போது அதில் காய் பிடிக்கிறது.

குடைமிளகாய்க்கு அசுவினி வரும்.
இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.
ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கரண்டி சோப்பு,
அதற்கு மேல் வேண்டாம்.
சாயங்காலம் தெளியுங்கள், மறுநாள் அலசிவிடுங்கள்.
ஜூனில் சாயங்காலம் என்றால் நம்மூரில் பத்து மணி.
பொழுதுபோகவில்லை என்று
நான்கு மணிக்கே அடித்து இலையைப் பொசுக்காதீர்கள்.

படுக்கையறை ஜன்னலில் எலுமிச்சை.
ஒயார்ஸ் தேநீரில் கிடந்த விதை.
ஒன்பது வருடம், ஒரு பூ இல்லை.
அதற்கென்று எதுவும் எழுதப்போவதில்லை.

பழுத்ததைப் பறித்துத் தின்னுங்கள்.
ஆறு வாரம் கழித்து வருபவளுக்காக
எதையும் எடுத்துவைக்க வேண்டாம்.
ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள்,
ருசி செத்துப்போகும்.

சரி, எலுமிச்சை.
குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்துவைத்து ஊற்றுங்கள்.
வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள்.
பென்சிலால் நான்கு கோடு போட்டிருக்கிறேன்,
அழிந்தும் அழியாமலும், பழைய கோடுகள்.
இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள்,
அடியில் ஒரு கையைத் தாங்கக் கொடுத்து.
முள் உண்டு. கவனம்.

டக்மாரா

பி.கு. புது கள்ளி ஒன்று வாங்கியிருக்கிறேன்.
அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டவில்லை,
உங்களை நம்பி.
ஆறு வாரமும் அதைத் தொடாதீர்கள்.